மூன்றாவது வால்வு

நேற்று ராத்திரி முழுக்க 1975 ஹோண்டா சிவிக்கின் எஞ்சின் படங்களைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். சிவிசிசி என்று பெயர்.

புகையைக் குறைக்க, பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையை எரிக்க வேண்டும்; ஆனால் அதில் ஸ்பார்க் பிளக் பொறி விட்டால் சட்டென்று பற்றாது, மிஸ்ஃபயர் ஆகும். அதனால் சிலிண்டர் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், குட்டியாக ஓர் அறையைக் குடைந்து, பிளக்கை அங்கே வைத்து, வழக்கமான இரண்டு வால்வு போக மூன்றாவதாக ஒரு சின்ன வால்வு வழியே பெட்ரோல் தூக்கலான கலவையை அதற்குள் மட்டும் அனுப்பினார்கள், அது பற்றியதும் தீ ஒரு துளை வழியாகப் பீறிட்டுப் பெரிய அறையின் மெலிந்த கலவையையும் நிதானமாக எரித்து முடித்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்! அமெரிக்காவின் 1975 புகை விதிகளை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (வெளியேறும் புகையைச் சுத்தப்படுத்தும் கருவி) இல்லாமலேயே தாண்டியது. சின்ன எஞ்சினுக்குத்தான் சரிப்படும் என்று பேச்சு வர, ஹோண்டா ஆட்கள் 5.7 லிட்டர் செவ்ரோலே இம்பாலா ஒன்றை வாங்கி, அதன் வி8 எஞ்சினிலும் இதையே பொருத்திக் காட்டினார்கள். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான்.

அப்புறம் அதே குட்டி அறை யோசனையோடு 2020-ல் இத்தாலிய கார் கம்பெனி மசராட்டியின் நெட்டுனோ எஞ்சின். இங்கே குட்டி அறைக்குத் தனி வால்வெல்லாம் கிடையாது, பிஸ்டன் மேலே வரும்போது கலவை தானாகவே துளைகள் வழியே உள்ளே போய்விடும். 3 லிட்டரில் 630 குதிரைத்திறன். மெதுவாக ஓட்டும்போது கைகொடுக்கப் பக்கவாட்டில் இன்னொரு பிளக்கும் உண்டு, ஆக ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு பிளக். மாற்றுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.