அக்கா எழுதிக் கொடுத்த பங்கு

திருமங்கலத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினோரு வருஷமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். நான் அதிகம் அடித்தது விடுதலைப் பத்திரம்தான். அப்பா இறந்த பிறகு பெண்பிள்ளைகள் வந்து, வீட்டிலும் நிலத்திலும் தங்களுக்குள்ள பாத்தியதையை அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ‘யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு மனதுடன்’ என்ற வரியை என் விரல் தானாகவே அடித்துவிடும்.

அக்காவுக்கும் நான்தான் அடித்தேன். நானும் அதே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். “பங்கு கேட்டா பொறந்த வீட்டு வாசல் அடைஞ்சு போகும்டி. நாளைக்கு மாமன் சீர் செய்ய அண்ணன் வேணும்ல” என்று பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

இரண்டு வருஷம் கழித்து, செக்கானூரணியிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது காதில் கம்மல் இல்லை. காது மடல் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. அண்ணன் மச்சானைத் திட்டினார், சோறு போட்டார். நாலாம் நாள் காலையில் அக்காவின் துணிப்பை மடித்து வாசலோரம் வைக்கப்பட்டிருந்தது. போ என்று யாரும் சொல்லவில்லை. “அனுசரிச்சுப் போத்தா” என்று சித்தி மட்டும் சொன்னாள்.

குடிதான் காரணம் என்பார்கள். குடி அடியைக் கூட்டும், உண்மைதான். ஆனால் அக்கா புருஷன், எங்க மாமா, குடிக்காதவர். அடிக்கும்போதெல்லாம் “எங்க போவ, போ பாப்போம்” என்பாராம். அவளுக்குப் போக்கிடம் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. வீடும் நிலமும் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். இரண்டும் தன் பெயரில் உள்ளவர்களில் 7 சதவீதம்தான். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அதே வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவி அங்கேயே குடியிருக்கலாம். அடிக்கிற புருஷனை வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். இதெல்லாம் அந்த நாலு நாளில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். மதுரை கோர்ட்டில் வழக்கு நடக்கிறது.

இப்போதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால், பத்திரத்தை வரிவரியாக வாசித்துக் காட்டுகிறேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. போன மாதம் வந்த ஒரு பெண் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். “ஒரே ஒரு ரூம்பு மட்டும் எம் பேருல இருக்கட்டும்னு எழுத முடியுமாக்கா?”

முடியும், அதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் போடவேண்டும் என்றேன். அவள் தம்பி முகம் சுருங்கியது. அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, “அப்ப அதையே அடிங்க” என்றாள்.