எம்127-உம் என் நிரலின் பிடிவாதமும்

ஒருவழியாக நேற்று ராத்திரி என் நிரல் 2^127 − 1 (சுருக்கமாக எம்127) பகா எண்தான் என்று ஒத்துக்கொண்டது. 1876-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் கணினி எதுவும் இல்லாமல் சொன்னதை, என் கணினியைச் சொல்ல வைக்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

2^p − 1 (p-தான் அடுக்கு) பகா எண்ணா என்று பார்ப்பது லூக்காஸ்–லெமர் சோதனை: 4-ல் தொடங்கி வர்க்கம், 2 கழி, அந்த எண்ணால் வகுத்து மீதி எடு; கடைசி மீதி பூஜ்யம் என்றால் பகா எண். அடுக்கு 127 என்றால் 125 சுற்று. பெரிய எண்களுக்கான பெருக்கலை சி மொழியில் நானே எழுதுவேன் என்று அடம்பிடித்ததில்தான் வம்பு. பெரிய எண் கணக்குக்கென்றே தயாராக இருக்கும் ஜிஎம்பி நூலகத்தை எடுத்திருந்தால் அரைமணி நேர வேலை.

மீதி எடுக்க வகுக்கத் தேவையில்லை. கீழ் 127 பிட்டை (இரும இலக்கத்தை) நிறுத்திக்கொண்டு, மேலே மிஞ்சியதை இறக்கிக் கூட்டினால் போதும். நான் இதை 'மடிப்பது' என்பேன். எண்ணை 32 பிட் துண்டுகளாக வைத்திருக்கிறேன், 127 என்பது 32-ன் மடங்கு இல்லை. நான்காவது துண்டில் ஒரு பிட் அநாதையாக நிற்கும். பிழை அங்கேதான் என்று நினைத்து ஒரு வாரம் அதையே குடைந்தேன். அங்கே ஒன்றுமில்லை.

பகு எண்களுக்கெல்லாம் விடை சரியாக வந்ததுதான் குழப்பியது. அடுக்கு 11-க்குக் கடைசி மீதி 1736, அச்சாக அதேதான் வந்தது (2047 = 23 × 89). ஆனால் பகா எண் எதைக் கொடுத்தாலும் 'பகா எண் இல்லை'. கடைசியில் பேப்பரை எடுத்து அடுக்கு 7-ஐக் கையால் போட்டேன்: 4, 14, 67, 42, 111. அடுத்தது 111-ன் வர்க்கத்தில் 2 போக 12319. மடித்தால் 96 + 31 = 127. பூஜ்யம் இல்லை, 127!

அட! 127-ஆல் வகுத்தால் 127-க்கு மீதி பூஜ்யம்தானே. ஆனால் பூஜ்யமல்லாத எண்ணை எத்தனை முறை மடித்தாலும் பூஜ்யம் வரவே வராது. எல்லா பிட்டும் 1 ஆகத்தான் நிற்கும். எம்127-க்கு மூன்று வாரமாக என் திரையில் கடைசி மீதியாக வந்துகொண்டிருந்தது 170141183460469231731687303715884105727. அதாவது எம்127-ஏதான். 39 இலக்கத்தையும் தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

முதலில் மடித்துவிட்டுப் பிறகு 2 கழித்தாலும் தப்பிக்கலாம். ஆனால் மடித்தது 1 ஆக இருந்தால் கழித்தல் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், அதற்குத் தனியாக ஒரு காவல் வேண்டும். நான் 'எல்லா பிட்டும் 1 என்றால் பூஜ்யமாக்கு' என்று ஒரே வரி சேர்த்தேன். அடுக்கு 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 89, 107, 127 எல்லாம் வரிசையாகத் தேறின. 67 தேறவில்லை, தேறவும் கூடாது. 2^67 − 1-ன் காரணிகள் 193707721, 761838257287 என்று கணித அறிஞர் கோல் 1903-ல் காட்டிவிட்டார். இந்தச் சோதனை காரணியைக் காட்டாது, பகு எண் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான்.

2024-ல் கிடைத்த 2^136279841 − 1-க்கு 4,10,24,320 இலக்கம். அந்தப் பக்கம் போக ஃபூரியர் முறைப் பெருக்கல் இல்லாமல் முடியாது. அதைவிட எளிதான வேகப் பெருக்கல் முறையான கரட்சுபாவை முதலில் எழுதிப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கிறது. அதற்கு முன்னால் அடுக்கு 521 பாக்கி இருக்கிறது, 1952-ல் கணித அறிஞர் ராபின்சன் கணினியில் பிடித்த 157 இலக்க எண். நேற்றே ஓட்டினேன், நிரல் படுத்துவிட்டது. வர்க்கத்துக்கு நான் 8 துண்டு இடம்தான் ஒதுக்கியிருக்கிறேன். இதற்கு 33 வேண்டும்.