வாலைப் பார்த்து வகை சொல்லலாமா?

சின்ன அந்துப்பூச்சிகளின் அறிவியல் பெயர்களில் வாலை, அதாவது கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் போட்ட ஏற்பாடு அது. இலைசுருட்டிகளுக்கு 'ஆனா', துணியரிக்கும் பூச்சி இருக்கும் டினியா கூட்டத்துக்கு 'எல்லா', பைராலிஸ் என்ற இன்னொரு கூட்டத்துக்கு 'ஆலிஸ்'. பெயரிலேயே முகவரி!

ஆனால் ஆப்பிளைத் துளைக்கும் பொமோனெல்லா? அவர் டினியாவில் வைத்த பூச்சி, இன்று இலைசுருட்டிக் குடும்பத்தில் இருக்கிறது. பேரினம் மாறி சிடியா ஆனாலும் வால் மட்டும் அப்படியே. முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை என்பது விதி.

இந்தச் சின்ன அந்துகளைச் சேர்த்துச் சொல்லும் 'மைக்ரோ' என்ற பிரிவே ஒரு வசதிக்குத்தான். கையளவு சிறகு விரிக்கும் மரத்துளைப்பான் அந்துகளும் பரம்பரைப்படி இந்தப் பக்கம்தான் சேரும். நிறத்தை நம்பிப் பிரிக்கவும் முடியாது; பல இனங்களுக்கு இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தே ஆகவேண்டும். பொறுமைசாலிகளின் துறை, சந்தேகமேயில்லை.