திங்கட்கிழமை அவர்களுக்கு லீவு, எனக்கு டூட்டி

ஊழியத்துக்காக வெளிநாடு போகிறோம் என்றதும் கோயம்புத்தூரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க போயி பிரசங்கம் பண்ணுவீங்களாக்கா?" எனக்குப் பிரசங்கமெல்லாம் வராது. அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தவர். எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, வெளியே மார்மன் என்று சொன்னால்தான் தெரியும். எங்களைப் போல ஓய்வுபெற்ற தம்பதிகளை மூத்த மிஷனரிகள் என்று அனுப்புவார்கள். எங்களுக்கு வந்தது பிலிப்பைன்ஸ், செபு. அந்த நாட்டில் மிஷன் வேலை 1961இலேயே தொடங்கிவிட்டது. இன்றைக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் அங்கத்தினர்கள், செபு நகரத்தில் லாஹுக் பகுதியில் 2010இல் பிரதிஷ்டை செய்த ஆலயமே இருக்கிறது. என் பிரசங்கத்துக்கு அங்கே யாரும் ஏங்கிக் கிடக்கவில்லை. காய்ச்சலும் நாய்க்கடியும் கருகிப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்தான் எங்களுக்குக் காத்திருந்தன.

ஊர் ஊராகப் போய்ப் பேசுவது சின்னப் பிள்ளைகளான இளம் மிஷனரிகளின் வேலை, அவர்கள் உடம்புக்கு ஏதாவது என்றால் கவனிப்பது என் வேலை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வருவார்கள். பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு ஒன்றரை. எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போக வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர், அதில் ஜோடியும் மாறலாம், ஊரும் மாறலாம். வாரத்தில் அவர்களுக்கு ஓய்வு திங்கட்கிழமை. துணி துவைப்பது, மார்க்கெட் போவது, வீட்டுக்கு வீடியோ கால் எல்லாம் அன்றைக்குத்தான். இந்த வாராந்திர கால்கூட 2019 பிப்ரவரியில் வந்த அனுமதி, அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு பேசலாம். (அந்தக் காலத்து அம்மாக்கள் எப்படித் தாங்கினார்களோ.) அப்புறம் பாஸ்கெட்பால். பிலிப்பைன்ஸில் எந்தச் சந்துக்குள் போனாலும் ஒரு வளையத்தை மாட்டி வைத்திருப்பார்கள், செருப்புக் காலோடு குதிப்பார்கள். அதனால் திங்கள் சாயங்காலம் ஆனால் என் போனில் வீங்கின கணுக்கால் போட்டோக்களாக வந்து விழும். நாலு அடி நடக்க முடிகிறதா, எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா என்று கேட்டு, ஐஸ் வைக்கச் சொல்வதா எக்ஸ்ரேக்கு அனுப்புவதா என்று முடிவு பண்ணுவதற்குள் ராத்திரி ஆகிவிடும்.

அங்கே நான் ஊசி போடக் கூடாது, உரிமம் கிடையாது. என் வேலை கேட்பது, சொல்வது, தேவைப்பட்டால் கூட்டிக்கொண்டு ஓடுவது. நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், பிறகுதான் மற்ற பேச்சு. நாய்க்கடிக்கென்றே அங்கே தனி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, அந்த விஷயத்தில் நல்ல ஏற்பாடு. பிள்ளைகள்தான் "சும்மா கீறல்தான் சிஸ்டர்" என்பார்கள். ரேபிஸில் சும்மா கீறல் என்று ஒன்று கிடையாது, கண்ணுகளா.

ஆனால் என்னை உண்மையில் பயமுறுத்தியது டெங்கு. ஒரு மழைக்காலத்தில் டோங்கா தேசத்துப் பையன் ஒருவன், நல்ல ஆறடி, போனில் சந்தோஷமாகச் சொன்னான்: "காய்ச்சல் விட்டிருச்சு, நாளையிலிருந்து வேலைக்குப் போறேன்." டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற சமயம்தான் ஆபத்து தொடங்குகிற சமயம் என்று வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். வயிறு வலிக்கிறதா என்றேன். கொஞ்சம் என்றான். வாந்தி? இரண்டு தடவை. அன்றைக்கு ராத்திரியே அட்மிட் பண்ணினோம். நம் ஊர் மாதிரியே அங்கேயும் கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு ஆள் வேண்டும், அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். இத்தனை காலம் நோயாளியின் சொந்தக்காரர்களை "தள்ளி நில்லுங்கம்மா" என்று விரட்டியவள், இப்போது ட்ரிப் சொட்டுவதை மனசுக்குள் எண்ணிக்கொண்டு, வேகம் சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும் கை துறுதுறுக்க, வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவன் அம்மா வீடியோ காலில் வந்து ஜெபம் பண்ணினார். அவர்கள் மொழி எனக்குப் புரியாது, நடுவில் என் பெயர் வந்ததுமட்டும் காதில் விழுந்தது.

வீட்டுக்காரர் கதை வேறு. மிஷனரிகள் தங்கும் வாடகை வீடுகள் அவர் பொறுப்பு. வாடகை, தண்ணீர் பில், பதினொரு கிலோ கேஸ் சிலிண்டர், கொசுவலை, அவசரத்துக்கு மூன்று நாள் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஒடெட் புயல் அடித்து, செபுவில் பல இடங்களில் வாரக்கணக்கில் கரண்டும் தண்ணீரும் இல்லாமல் கிடந்ததால் இந்த மூன்று நாள் கணக்கை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 220 வோல்ட்டுக்கு அமெரிக்கா மாதிரி தட்டை முள் பிளக், பல வீடுகளில் எர்த்தே கிடையாது. ஒரே பாக்ஸில் ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ், ஃபேன் மூன்றையும் செருகியிருப்பதைப் பார்த்தால் மனிதருக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை சூடேறிவிடும். நான் கூடப் போனால் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். சார்டின் டின், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பாதி குடித்த ஜூஸ், அவ்வளவுதான் இருக்கும். வீட்டு வேலியில் முருங்கை தழைத்து நிற்கும், அந்த ஊரிலும் அதைக் குழம்பில் போடுகிறார்கள், இவர்களுக்குப் பறித்துப் போடச் சோம்பல்.

ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஆபீஸ் அவருக்கு, என் ஷிஃப்ட் எனக்கு. நான் நைட் டூட்டி முடிந்து வரும்போது அவர் டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருப்பார். அவர் எப்படி வேலை செய்வார் என்று செபுவில் ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் பார்த்தேன். மெதுவாகச் செய்கிறார், எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார், வீட்டு ஓனரம்மாக்களிடம் என்னைவிடப் பொறுமையாகப் பேசுகிறார். ஜனவரி, பிப்ரவரியில் அங்கே பதிவு செய்து தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் குடியேற்ற அலுவலகத்தில் வருடாந்திர அறிக்கை கொடுக்க வேண்டும், அந்தக் காகிதங்களை அவர் அடுக்கிய அழகைப் பார்த்து இவரைப் போய் வீட்டில் ஒரு பில்கூடக் கட்டத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேனே என்றிருந்தது. அதற்காகச் சண்டை இல்லாமல் இல்லை. பிள்ளைகளுக்கு ஆறு வாரத்தில் ஜோடி மாறும், எங்களுக்கு அந்த வசதி இல்லை.

ஞாயிறு இரண்டு மணி நேர ஆராதனை. முடிந்ததும் குழந்தைகள் வரிசையாக வந்து என் புறங்கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டு போவார்கள், பெரியவர்களுக்கு அங்கே அதுதான் மரியாதை.

சம்பளம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: கிடையாது. எங்களுக்கு வாடகை, சாப்பாடு எல்லாம் எங்கள் பென்ஷனிலிருந்துதான், சபை இலவச ஊழியர்களாகத்தான் அனுப்புகிறது. ஆறு மாதம் முதல் இருபத்து மூன்று மாதம் வரை நமக்கு முடிந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். நீட்டிக்கிறீர்களா என்று கேட்டபோது அவர் உடனே தலையாட்டினார். நான் மகளின் பிரசவத் தேதியைச் சொன்னேன். போக நினைக்கும் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றிதழை எப்படிக் கொடுப்பது என்று கருவூலத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடவுள் வேலையாகத்தான் போயிருக்கிறோம் என்றாலும், உயிரோடு இருக்கிறோம் என்பதற்குக் கருவூலம் காகிதம் கேட்கும்.