ரூகர் ஆர்எக்ஸ்எம்: வாங்கினவங்க சொல்றதுல எதை எடுத்துக்கலாம், எதை எடுத்துக்க முடியாது

2024 டிசம்பர்ல ரூகர் கம்பெனி, துப்பாக்கி பார்ட்ஸ் செய்யற மேக்புல் கூட சேர்ந்து ஆர்எக்ஸ்எம்னு ஒரு 9 எம்எம் பிஸ்டல் விட்டாங்க. கம்பெனி போட்ட விலை 499 டாலர், கடையில அதுக்குக் கீழயே கிடைக்குது. இங்க டெக்சாஸ்ல சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் போனா பக்கத்து லேன்ல யாராவது ஒருத்தர் இத வச்சு சுட்டுக்கிட்டு இருக்காங்க, எப்படிங்க இருக்குன்னு கேட்டா முதல்ல வர்ற பதில் எல்லார்கிட்டயும் ஒண்ணுதான், இந்தக் காசுக்கு இவ்வளவு குடுக்குறது பெரிய விஷயம்னு. நானும் வாங்கியிருக்கேன், எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா புதுசா வந்த துப்பாக்கியப் பத்தி வாங்கின ஆளுங்க சொல்றத எந்த விஷயத்துக்கு நம்பலாம், எந்த விஷயத்துக்கு நம்பவே கூடாதுன்னு எனக்கு ஒரு கறாரான கருத்து இருக்கு, முதல் துப்பாக்கி வாங்கப் போற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறதால அத இங்க முழுசா எழுதிடறேன்.

முதல்ல இது என்னன்னு பாத்துடலாம். சுருக்கமா சொன்னா இது ஆஸ்திரியா கம்பெனி க்ளாக்கோட 19ங்கற பிஸ்டலோட மூணாவது தலைமுறை டிசைன். க்ளாக் 17 ஆஸ்திரியா ராணுவத்துக்காக 1982ல வந்தது, அதுக்கும் முன்னாடியே 1970ல ஜெர்மன்காரன் ஹெக்லர் அண்ட் கோக் விபி70ன்னு பாலிமர் (கெட்டி பிளாஸ்டிக்) ஃபிரேம் போட்டு ஒண்ணு விட்டிருந்தான், ஆனா பாலிமர் துப்பாக்கிய உலகம் பூரா போலீஸ் இடுப்புல ஏத்தினது க்ளாக் தான். அந்த 17ஐயே கொஞ்சம் சின்னதாக்கி 1988ல வந்தது 19. மூணாவது தலைமுறை க்ளாக்கோட பேடன்ட் எல்லாம் முடிஞ்சு போச்சு, அதனால யார் வேணாலும் அந்த அளவுல பார்ட்ஸ் செய்யலாம், ஊர்ல டிவிஎஸ் ஃபிஃப்டிக்கு எந்தச் சந்துல போனாலும் ஸ்பேர் கிடைச்ச மாதிரி இதுக்கு அமெரிக்கா பூரா பேரல், மேல முன்ன பின்ன நகர்ற ஸ்லைடு, ஸ்பிரிங், தோட்டா அடுக்கற மேகசின் எல்லாம் கொட்டிக் கிடக்கு. ரூகர் அந்தக் கூட்டத்துலயே வந்து உக்காந்துட்டான். புதுசா ஒரு மேகசின் டிசைன் பண்ணி அத நம்ம தலையில கட்டாம, க்ளாக் 19 மேகசினே போட்டுக்கோ, 17 மேகசின் நீளமா இருந்தாலும் போட்டுக்கோன்னு விட்டுட்டான். வாங்கினவங்க சந்தோஷத்துல பாதி இதுதான், ஏற்கெனவே வீட்ல க்ளாக் இருக்கறவங்களுக்கு மேகசின் செலவே கிடையாது.

க்ளாக்ல இல்லாத ஒரு விஷயம் இதுல இருக்கு. ஸ்லைடைக் கழட்டிட்டு, பூட்டி வச்சிருக்கற ஊசிய (பின்) தள்ளி எடுத்தா, உள்ள இருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டி மாதிரி ஒண்ணு மொத்தமா வெளிய வரும், ட்ரிகர், தோட்டாவக் குத்தற ஸ்ட்ரைக்கரப் பிடிச்சு நிறுத்தற சியர், எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும், சீரியல் நம்பரும் அதுலதான் அடிச்சிருக்கும். அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கிங்கறது அந்த நம்பர் அடிச்ச துண்டு மட்டும்தான். மிச்சம் கையில நிக்கிற பாலிமர் பிடி வெறும் பிளாஸ்டிக், அத சட்டை வாங்கற மாதிரி ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வீட்டுக்கே வரவழைக்கலாம். கருப்பு, சாம்பல், மண் கலர், பச்சைன்னு மேக்புல் விக்கறான். சிக் சாவர் கம்பெனி இத பி320ங்கற பிஸ்டல்ல முன்னாடியே பண்ணிட்டான், ஆனா க்ளாக் பார்ட்ஸ் ஏறுற துப்பாக்கில இந்த விலைக்கு இது வந்தது நிஜமாவே நல்ல விஷயம். பிடி தேஞ்சாலோ, கைக்கு ஒத்து வரலைன்னாலோ துப்பாக்கியையே விக்க வேண்டிய அவசியம் இல்ல.

சரி, வாங்கினவங்க என்ன சொல்றாங்க. பிடி நல்லாருக்குன்னு ஏறக்குறைய எல்லாரும் சொல்றாங்க, நானும் ஒத்துக்கறேன், ட்ரிகர் கார்டுக்குக் கீழ நல்லா குடைஞ்சு விட்டிருக்காங்க, அதனால கை மேல ஏறி உக்காருது, சொரசொரப்பும் அளவா இருக்கு, நாள் பூரா இடுப்புல வச்சாலும் தோலை அரிக்காது. ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டற குறிக் கண்ணாடி) மாட்டறதுக்கு தனியா தகடு வேண்டாம், ஸ்லைடு மேலயே நேரடியா உக்காருது, தாழ்வா உக்காரறதால கண்ணாடி வழியா குறி பாக்கற வழக்கமான இரும்பு சைட்டும் தெரியும், பேட்டரி போனாலும் குறி பாக்கலாம். முன் சைட்ல ட்ரிடியம் போட்டிருக்கான், இருட்டுல ஒளிரும். பழைய க்ளாக் கூட வர்ற பிளாஸ்டிக் சைட்ட வாங்கின அன்னைக்கே கழட்டிப் போட்டவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

ட்ரிகர் விஷயத்துலதான் சண்டை. ஒரு கூட்டம் க்ளாக்கை விட நல்லாருக்குங்குது, இன்னொரு கூட்டம் ஸ்பாஞ்சை அமுக்கற மாதிரி கொழகொழன்னு இருக்குங்குது. என் கைக்கு முதல்ல கொஞ்ச தூரம் லேசா வருது, அப்புறம் ஒரு சுவர் மாதிரி நிக்கணும், அந்த சுவர் தெளிவா இல்ல, இழுத்துக்கிட்டே போய் விடுது. ஆனா விட்டதுக்கு அப்புறம் ட்ரிகர் அடுத்த தடவைக்குத் தயாராகி ரீசெட் ஆகுற க்ளிக் விரலுக்கு நல்லாத் தெரியுது, எனக்கு அது போதும். 500 டாலருக்குக் கீழ இருக்கற ஸ்ட்ரைக்கர் துப்பாக்கில தேன் மாதிரி ட்ரிகர் எதிர்பாக்கறது நியாயமில்லைன்னு நினைக்கிறேன்.

இது வரைக்கும் சொன்னதுல வாங்கினவங்க வார்த்தைய தாராளமா எடுத்துக்கலாம். பிடி, சைட், ட்ரிகர், விலை எல்லாம் முதல் நாளே கைக்குத் தெரியும். இதுக்கு அடுத்த படியிலதான் பிரச்சனை. "ஆயிரம் ரவுண்ட் போட்டேன் ஒரு ஜாம் (தோட்டா சிக்கறது) கூட இல்ல, பாதுகாப்பானது, கண்ண மூடிட்டு வாங்கு"ன்னு ஒருத்தர் சொன்னா அதுல முதல் பாதி ஒரு தகவல், ரெண்டாவது பாதி அவருக்குத் தெரியவே முடியாத விஷயம். ரேஞ்சுல நின்னு சுடுறதுல ஒரு துப்பாக்கி ட்ரிகர இழுத்தா சுடுதான்னுதான் தெரியும், இழுக்காதப்ப சுடாம இருக்குமான்னு தெரியாது.

சும்மா பயமுறுத்தறதுக்குச் சொல்லல, நடந்திருக்கு. இதே ரூகர் 2007 கடைசில எஸ்ஆர்9ன்னு பாலிமர் பிஸ்டல் விட்டான், எல்லாரும் மெலிசா இருக்கு ஜோரா இருக்குன்னு கொண்டாடினாங்க, 2008 ஏப்ரல்ல கீழ விழுந்தா வெடிக்கலாம்னு சொல்லி ரீகால், அதாவது கம்பெனியே சரி பண்றதுக்குத் திரும்பக் கேட்டுச்சு. அதே வருஷம் வந்த குட்டி எல்சிபி, அதுவும் அக்டோபர்ல ரீகால், அதே கீழ விழற காரணம். ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு 2012ல வந்தது, 2013 ஆகஸ்ட்ல எல்லாரும் ட்ரிகர செக் பண்ணுங்கன்னு நோட்டீஸ். அதே மாசம் ஸ்பிரிங்ஃபீல்ட் எக்ஸ்டி-எஸ் ரீகால். இதெல்லாம் நல்ல கம்பெனிங்க, இலவசமா சரி பண்ணியும் குடுத்தாங்க, அந்தத் துப்பாக்கிங்க பல இன்னைக்கும் நம்பி வைக்கக் கூடியவை. ஆனா முதல் வருஷம் வாங்கினவங்க ஒருத்தர் கூட சுட்டுப் பாத்து இத கண்டுபிடிச்சிருக்க முடியாது.

பி320 இதுல ரொம்ப முக்கியமான பாடம். 2014ல வந்தது, 2017 ஜனவரில அமெரிக்க ராணுவமே இத எடுத்துக்கிச்சு, கீழ போட்டுப் பாக்கற வழக்கமான ட்ராப் டெஸ்ட் எல்லாம் பாஸ். அப்புறம் அதே வருஷம் வேற ஒரு கோணத்துல, ஸ்லைடோட பின் மூலை தரையில மோதற மாதிரி சாய்வா விழவிட்டுப் பாத்தாங்க, வெடிச்சிடுச்சு. காரணம் ரொம்ப எளிமை. ட்ரிகர் கனமா இருந்தது, துப்பாக்கி தரையில மோதி நின்னதும் ட்ரிகர் மட்டும் வந்த வேகத்துல பின்னாடி போயிடுச்சு, யாரோ விரல் வச்சு இழுத்த மாதிரியே. 2017 ஆகஸ்ட்ல கம்பெனி இலவச அப்கிரேடு அறிவிச்சு லேசான ட்ரிகர், வேற சில பார்ட்ஸ் எல்லாம் மாத்திக் குடுத்தாங்க. அதுக்கு அப்புறமும் தொடாமலே வெடிச்சதுன்னு கேஸ் போய்க்கிட்டு இருக்கு, கம்பெனி மறுக்குது, அது தனிக் கதை. மூணு வருஷமா எத்தனை பேர் வாங்கி "சூப்பர்"னு சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அவங்க யாரும் பொய் சொல்லல, அவங்க பாத்தது வேற, இது வேற.

அப்புறம் ஏன் நீ ஆர்எக்ஸ்எம் வாங்கினன்னு கேப்பீங்க. இதுல புதுசுங்கறது அந்த ஸ்டீல் பெட்டியும் மேக்புல் பிடியும்தான், சுடற வேலைய செய்யற அடிப்படை டிசைன் பல பத்து வருஷமா போலீஸ்காரங்க தினம் தூக்கிட்டுத் திரிஞ்சு, கீழ போட்டு, மழைல நனைச்சு அடி வாங்கின டிசைன். ட்ரிகர் நடுவுல ஒரு சின்ன நாக்கு இருக்கும் பாருங்க, விரல் அது மேல படலைன்னா ட்ரிகர் பின்னாடி போகாது. பி320ல இல்லாம போனது அந்த நாக்குதான். உள்ள ஸ்ட்ரைக்கர தடுக்கறதுக்குத் தனியா ஒரு பிளாக்கும் இருக்கு. முழுக்கப் புது மெக்கானிசம் வச்ச ஒரு துப்பாக்கியா இருந்திருந்தா நான் ரெண்டு வருஷம் காத்திருந்திருப்பேன், உங்களையும் காத்திருக்கத்தான் சொல்லியிருப்பேன்.

ஜாம் பத்தின குறைகளையும் அப்படியே எடுத்துக்காதீங்க. ரேஞ்சுல பழக்கமான அண்ணன் ஒருத்தர், மதுரைப் பக்கம், ரொம்ப வருஷமா இங்க இருக்கார், போன மாசம் பாத்தப்ப இதை வச்சுக்கிட்டு கடுப்பா நின்னுக்கிட்டு இருந்தார்.

"தம்பி, எல்லாரும் நல்லாருக்குன்னாய்ங்க, எனக்கு மூணுக்கு ஒரு தரம் வெடிக்க மாட்டேங்குது, தலையில கட்டிட்டாய்ங்க."

"அண்ணே, உள்ள எதுனா மாத்துனீங்களா?"

"ட்ரிகர் லேசா வரட்டும்னு ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் மட்டும் மாத்துனேன், வேற ஒண்ணுமில்ல."

கீழ கிடந்த வெடிக்காத தோட்டாவ எடுத்துப் பாத்தோம், தோட்டா அடில இருக்கற, குத்தினா பத்திக்கற ப்ரைமர்ல ஊசி குத்தின மாதிரி லேசா ஒரு பள்ளம், அவ்வளவுதான். லேசான ஸ்பிரிங் ட்ரிகர லேசாக்கும், கூடவே குத்தற பலத்தையும் குறைச்சிடும். பழைய ஸ்பிரிங்க பையிலயே வச்சிருந்தார், போட்டார், அன்னைக்கு முழுக்க ஒண்ணு கூட நிக்கல. இந்த அண்ணன் மட்டும் அன்னைக்கு வீட்டுக்குப் போய் "ஆர்எக்ஸ்எம் வேஸ்ட்"னு நாலு பேருக்குச் சொல்லியிருந்தா அதுவும் ஒரு ஓனர் ஒபினியன்தான். அதனால யார்கிட்ட விசாரிச்சாலும் எத்தனை ரவுண்ட், என்ன தோட்டா, என்னென்ன மாத்தினீங்க, நடுவுல துடைச்சு எண்ணெய் போட்டீங்களான்னு நாலையும் கேளுங்க, பதில் சொல்லத் தெரியாதவர் சொல்ற புகழ்ச்சியும் வேண்டாம் குறையும் வேண்டாம்.

உங்க துப்பாக்கிய நீங்களே சுட்டுப் பாக்கறதுக்கு வேற எதுவும் ஈடாகாது. ப்ராக்டீஸ் தோட்டா நல்லா ஓடுதுன்னு விட்டுடாதீங்க, பாதுகாப்புக்கு வைக்கப் போற ஹாலோ பாயிண்ட் (நுனில குழி இருக்கற) தோட்டாவோட மூக்கு வேற ஷேப்பு, அது சேம்பருக்குள்ள, அதாவது சுடறப்ப தோட்டா உக்காரற இடத்துக்குள்ள ஏறும்போது சிக்க வாய்ப்பு உண்டு, விலை அதிகம்தான், இருந்தாலும் அதுலயும் நாலஞ்சு மேகசின் போட்டுப் பாத்துட்டுதான் வீட்டுப் பாதுகாப்புக்கு வைக்கணும்.

நம்ம ஆளுங்களுக்குக் குறிப்பா ஒண்ணு. கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம். எச்1பி மாதிரி விசால இருந்தா பொதுவா முடியாது, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, அது இருந்தாதான். கடையில 4473ன்னு ஒரு ஃபாரம் குடுப்பாங்க, அதுல தெரிஞ்சே பொய் எழுதினா ஃபெடரல் குற்றம், விசாவே போயிடும், நண்பன் பேர்ல வாங்கித் தரச் சொல்றதும் அதே குற்றம்தான், தயவு செஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க. ஊர்ல இருந்து கேக்கறவங்களுக்கும் சொல்லிடறேன், இந்தியால 9 எம்எம் தடை செய்யப்பட்ட குழல் அளவு (bore), பொதுமக்களுக்கு லைசென்ஸ் வாங்கினாலும் வழக்கமா .32 தான்.

வீட்ல பிள்ளைங்க இருந்தா துப்பாக்கி விலையோட சேர்த்தே சின்ன லாக் பெட்டி விலையையும் கணக்குப் போட்டுக்கோங்க. 17 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளை கைக்கு எட்டற மாதிரி லோடு பண்ணின துப்பாக்கிய வச்சு, பிள்ளை அத எடுத்துட்டா டெக்சாஸ்ல பெரியவங்க மேல கேஸ் வரும். கேஸ விடுங்க, கேஸ் இல்லைன்னாலும் இது பேரம் பேசற விஷயமே இல்ல. இன்னொண்ணு, க்ளாக் வகை எல்லாத்துலயும் கழட்டறதுக்கு முன்னாடி ட்ரிகர ஒரு தரம் இழுத்தாகணும். முதல்ல மேகசின வெளிய எடுங்க, அப்புறம் ஸ்லைடை முழுக்க இழுத்து சேம்பர கண்ணால பாருங்க, சுண்டு விரல விட்டுத் தடவியும் பாருங்க, தோட்டா எல்லாத்தையும் வேற ரூம்ல வச்சுட்டு வந்து உக்காந்துதான் கழட்டணும். இந்த வரிசை மாறி மேகசின உள்ள வச்சுக்கிட்டே ஸ்லைடை இழுத்தா சேம்பர்ல இருந்தது வெளிய விழும், அடுத்தது உள்ள ஏறிடும், பாக்கறவன் காலின்னு நினைச்சுக்குவான்.

இடுப்புல மாட்டற உறை (ஹோல்ஸ்டர்) விஷயம் நிறைய பேர் கேக்கறாங்க. க்ளாக் 19 உறை பலதுல இது உக்காருது, ஆனா ட்ரிகர் கார்டு ஷேப்பு மேக்புலோடது, அதனால சிலதுல டைட்டா நிக்கும், சிலதுல க்ளிக் ஆகாது. காலித் துப்பாக்கிய கடைக்காரர் அனுமதியோட போட்டுப் பாத்து, தலைகீழா பிடிச்சா விழாம நிக்குதா, ட்ரிகர் முழுசா மூடியிருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. ரெட் டாட் மாட்டப் போறீங்கன்னா மேல் பக்கம் வெட்டி விட்ட உறையா கேளுங்க, இல்லைன்னா ரெண்டாவது தரம் செலவு.