ஈக்விட்டி: மூன்று இடங்களில் மூன்று கணக்கு

கணக்குப் புத்தகத்தில் ஈக்விட்டி வெறும் கழித்தல்தான்: சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுவது. வீட்டின் மதிப்பு 100, கடன் 80 என்றால் உரிமையாளருடையது 20. விலை 10 சதவீதம் சரிந்தால் வீடு 90; கடனோ அதே 80. அவர் பங்கில் பாதி போயிற்று. 25 சதவீதம் சரிந்தால் வீட்டை விற்றும் கடன் அடையாது, கையிலிருந்து 5 போட வேண்டும். முன்பணம் குறைவாகப் போட்டு வாங்குபவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். பங்குதாரர் நிலையும் அதேதான். நிறுவனம் நொடித்து மூடப்பட்டால் கடன் கொடுத்தவர்களுக்குப் போக மீதி. பெரும்பாலும் மீதியே இருக்காது.

சட்டத்தில் கதை வேறு. இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டத்தில், அதாவது வழக்கமான நீதிமன்றங்களின் கறாரான விதிகளில், அடமானக் கெடு ஒரு நாள் தவறினாலும் நிலம் போய்விடும். நியாயம் பார்த்து நிவாரணம் தந்த சான்சரி நீதிமன்றம் தலையிட்டு, பிறகு வட்டியோடு கட்டினாலும் மீட்கலாம் என்றது. அந்த நீதிமன்றத்தின் விதிகளுக்குத்தான் ஈக்விட்டி என்று பெயர். மேலே சொன்ன 20 என்பது உண்மையில் அந்த மீட்பு உரிமையின் மதிப்பு! 1873, 1875ஆம் ஆண்டுச் சட்டங்கள் இருவகை நீதிமன்றங்களையும் இணைத்தன. பொதுச்சட்ட விதியும் ஈக்விட்டி விதியும் முரண்பட்டால் ஈக்விட்டியே மேல். ஆனால் காரணமின்றித் தாமதித்தாலோ, கேட்பவர் கை சுத்தமில்லாவிட்டாலோ நிவாரணம் மறுக்கப்படலாம்.

சமூகத்தில் ஈக்விட்டி என்றால், எல்லோருக்கும் ஒரே அளவு என்பதல்ல, தடைக்கேற்ற உதவி. தேர்வில் பார்வையற்ற மாணவருக்கு, அவர் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் உண்டு. மதிப்பெண் அளவுகோல் மாறாது. எந்தத் தடைக்கு எந்த உதவி என்று எழுதி வைக்காத இடங்களில்தான் சிக்கல். கையால் எழுத முடியாதவருக்குக் கணினியே போதுமானதாக இருக்கலாம். கூடுதல் நேரம் தேவையா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.