தாசில்தார் வீடு மாறினார்

ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போது வீடு மாறினோம். சேலத்திலேயே, குகைப் பகுதியிலிருந்து கன்னங்குறிச்சிக்கு. சாமான் போனதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பீரோவுக்கு ஒரு கால் போச்சு, கிரைண்டர் ஒரு வண்டியிலும் அதன் கல் இன்னொரு வண்டியிலும் போச்சு. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். நான் எழுத வந்தது அப்பாவின் மீன்தொட்டியைப் பற்றி.

எங்கள் வீட்டுக்கு வந்துபோன நீங்கள் எல்லாரும் அந்தத் தொட்டியைப் பார்த்திருக்கிறீர்கள். "இந்த இடத்துல ஒரு கட்டில் போட்டிருக்கலாமே" என்று கேட்டு அப்பாவிடம் முறைப்பு வாங்கியவர்களும் உங்களில் உண்டு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே ஒரு ஆஸ்கர் மீன், அஞ்சு சில்வர் டாலர் மீன், கண்ணாடியை நக்கிக்கொண்டே ஆயுளைக் கழிக்கும் ஒரு சக்கர் மீன். ஆஸ்கருக்குத் 'தாசில்தார்' என்று பெயர் வைத்தது அம்மா. எதையாவது கொடுத்தால்தான் நகர்வாராம்.

சுமை தூக்க வந்த தம்பிகள் நாலு பேர். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த மூத்தவர், "பாதித் தண்ணிய எடுத்துட்டு அப்படியே தூக்கிரலாங்க அய்யா" என்றார்.

அப்பா நெஞ்சில் கை வைத்தார். நிஜமாகவே வைத்தார். பிறகு டைரியை எடுத்தார்.

"தம்பி, மொத்தம் ஒம்போது கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர். 255 லிட்டர் ஆச்சா? கால் டன். கண்ணாடி 10 எம்.எம்., அது தனியா 50 கிலோ. பாதித் தண்ணியோட தூக்குனா, தூக்கும்போது தண்ணி ஒரு பக்கமா ஓடும். அடிக்கண்ணாடி முறுக்கும். சிலிக்கான் ஒட்டு விடும். இங்கேயே விட்டா பரவால்ல. அங்க போயி, ரொப்பி வெச்சு, ஒரு வாரம் கழிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால்ல விட்டுச்சுன்னா?"

அந்தத் தம்பி எங்கள் பழைய ஹாலை ஒரு முறை சோகமாகப் பார்த்தார். தண்ணீரும் இருக்கக்கூடாது, கல்லும் இருக்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. கூலியில் 500 ரூபாய் ஏறியதும் அப்போதுதான்.

இதற்கு ரெண்டு நாள் முன்பே மீன்களுக்கு விரதம் ஆரம்பித்துவிட்டது. வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் வழியில் தண்ணீர் கெடாது என்பது அப்பாவின் கணக்கு. கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டதால் எங்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். ரெண்டு வேளை தட்டுவடை செட், ஒரு வேளை நொறுக்கல். நாலாவது வேளை அம்மா "மீன் குழம்பு வெக்கவா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்குக் காரணம் 2019. தெரியாதவர்கள் யாரும் இருக்கமாட்டீர்கள். அப்பா திருப்பதி போயிருந்த நாலு நாளில், ஃபில்டர் ஸ்பாஞ்சு கறுப்பாக இருக்கிறதே என்று அம்மா அதைத் துவைக்கிற கல்லில் போட்டு, சோப்புப் போட்டு, புதுசு மாதிரி வெளுத்து வைத்தார். ஒரே வாரத்தில் நாலு சில்வர் டாலர் மிதந்தன. அந்தக் கறுப்பில்தான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா குடியிருந்ததாம். "நீ கழுவுனது அழுக்கில்லடி, ஒரு குடும்பம்" என்று சொன்னதோடு சரி, அப்பா எட்டு நாள் பேசவில்லை. தாசில்தார் மட்டும் பிழைத்தார். அப்போது அவர் விரல் நீளம். அம்மா அன்றைக்குப் பிறகு தொட்டிப் பக்கம் போகவே இல்லை. தூசி தட்டும்போதுகூட ஓர் அடி தள்ளி நின்றுதான் தட்டுவார்.

ஆகையால் இந்த முறை ஸ்பாஞ்சுக்கு ராஜமரியாதை. தொட்டித் தண்ணீரிலேயே ஊற வைத்து, தனி வாளியில், அப்பாவின் நேரடிக் கண்காணிப்பில் பயணம். சில்வர் டாலர்கள் பாலிதீன் பையில், ஒரு பங்கு தண்ணீர், ரெண்டு பங்கு காற்று, ரப்பர் பேண்டு. தாசில்தார் ஓர் அடி நீளம் வளர்ந்துவிட்டதால் 20 லிட்டர் பெயிண்ட் வாளியில், மூடியில் ஓட்டை போட்டு.

இது போதாதென்று தொட்டியின் பழைய தண்ணீரையும் 25 லிட்டர் கேன் நாலில் பிடித்து ஏற்றினோம். மீனுக்குப் பழகின தண்ணீர் ஓரளவாவது இருக்க வேண்டுமாம். எதிர்வீட்டு அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். "ஏன் தம்பி, அங்க மேட்டூர் தண்ணி வராதா?" வரும் என்றேன். "அப்புறம் எதுக்கு இந்த அழுக்குத் தண்ணிய எடுத்துட்டுப் போறீங்க?" பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முடியவில்லை. நாங்கள் போன பிறகு தெருவில் அதற்கு ஏதாவது பரிகாரக் கதை கிளம்பியிருக்கும்.

காலித் தொட்டி பவானி ஜமுக்காளத்தில் சுற்றப்பட்டுக் குட்டி யானை வண்டியில் ஏறியது. அப்பாவும் பின்னாலேயே ஏறிக்கொண்டார். 74 வயது. முழங்கால்களுக்கு நடுவில் தாசில்தார். முன்சீட்டில் உட்காரச் சொன்ன டிரைவரிடம், "அவன் தனியா இருக்கமாட்டான்" என்றார். கோட்டையிலிருந்து அஸ்தம்பட்டி வரை எத்தனை வேகத்தடை என்று இனி யாராவது கேட்டால் அப்பாவைக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தகரத்தை ரெண்டு தட்டுத் தட்டினார். பைக்கில் பின்னால் வந்த என்னைத் தாண்டி ஒரு சவ ஊர்வலம் போனது.

புது வீட்டில் பால் காய்ச்சி முடித்து, ரசமட்டம் வைத்து ஸ்டாண்டைச் சமன் பார்த்து, தெர்மோகோல் விரித்து, தொட்டியை வைத்து, கல்லைப் போட்டு, பழைய தண்ணீர், புதுத் தண்ணீர், குளோரின் முறிக்கிற மருந்து என்று எல்லாம் ரொப்பி மீன்களை விடும்போது ராத்திரி ஒன்பது. 11 மணிக்குக் காற்றும் மழையும். கரண்ட் போச்சு.

மோட்டார் நின்றது. குமிழி நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இந்தச் சமயத்துக்கென்றே வாங்கி வைத்திருந்தோம். அது எந்தப் பெட்டியில்? மொத்தம் 41 பெட்டி. பேக் செய்தது என் வீட்டம்மா. எந்தப் பெட்டியில் என்ன என்று குழப்பம் வரக்கூடாதென்று எல்லாப் பெட்டியிலும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்: 'முக்கியம்'.

"மோந்து மோந்து ஊத்து" என்றார் அப்பா. தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினால் காற்று கலக்கும். முதலில் அப்பா, பிறகு நான், பிறகு அப்பா. எப்போது தூங்கினோம் என்று ரெண்டு பேருக்குமே தெரியாது.

சளக் சளக் என்ற சத்தத்தில் எனக்கு முழிப்பு வந்தபோது மணி மூன்றிருக்கும். கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் அம்மா உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் மக் கிடைக்கவில்லை போல. கையில் பூஜைச் சொம்பு. அந்தச் சொம்பை நான் தொட்டாலே குளிச்சியா என்று கேட்பவர்.

"கழுவலடா, ஊத்தத்தான் செய்யறேன்" என்று தொட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சும்மா ஊத்தறேன். பயப்படாத."

நான் எழுந்திருக்கவில்லை.

நாலு மணி தாண்டிக் கரண்ட் வந்தது. காலையில் பார்த்தால் தாசில்தார் பக்கவாட்டில் சாய்ந்து, அடியில் படுத்திருந்தார். அப்பாவுக்குக் கை நடுங்கிவிட்டது. "இடம் மாறின கோவம். அவன் நடிக்கறான், நீங்க காபியக் குடிங்க" என்றார் அம்மா. நடிப்புதான். இடம் மாறினால் ஆஸ்கர் மீன் இப்படிக் கோபித்துக்கொண்டு படுக்குமாம். மூன்றாம் நாள் எழுந்து, வீசிய தீனியை முறைத்துவிட்டுத் தின்றார். சொம்பு எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "எந்தச் சொம்பு?" என்றார்.

இப்போதைய பிரச்சினை வேறு. தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு அலமாரி. கதவு நாலு விரற்கடைதான் திறக்கிறது. தொட்டி வருவதற்கு முன்பே வீட்டம்மா பத்திரமாக உள்ளே வைத்த பெட்டி ஒன்று அந்த இடுக்கில் தெரிகிறது. மேலே 'முக்கியம்'. ஏர் பம்ப், கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு எல்லாம் அதில்தானாம். தொட்டியை நகர்த்தலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். டைரியை எடுக்கப் போனார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த இடுக்கில் கை நுழைவது சின்னவனுக்கு மட்டும்தான். ஒரு தடவை கை விட 20 ரூபாய் கேட்கிறான். நேற்று ரேஷன் கார்டு கேட்டதற்குக் கேஸ் புத்தகம் வந்தது. அதற்கும் 20 ரூபாய்.